கப்பல் ஏறாமலே கடலடியை வரைந்த மேரி தார்ப்: "படம்தானே வரைந்தார்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஐஸ்கடை_காசிமேடு:

வணக்கம். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் தொழில் எனக்கு. படிப்பு பத்தாவதோடு சரி, அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் யாரும் சிரிக்க வேண்டாம்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி, ஆளுக்கொரு விஞ்ஞானியை எடுத்துக்கொண்டு ஏதாவது செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். பாதி வகுப்பு கலாம் ஐயா, மீதி வகுப்பு மேரி கியூரி. இவள் எங்கேயோ படித்துவிட்டு மேரி தார்ப் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். 1920-ல் பிறந்து 2006-ல் இறந்தவர், அட்லாண்டிக் கடலின் அடியை வரைபடமாக்கியவர், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடல் விஷயம், நம்ம ஏரியாவுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நானும் சரி என்றேன்.

ஆசிரியை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். கப்பலில் போய் ஆழம் அளந்தது வேறு ஆட்கள், இந்தம்மா கரையில் மேஜை போட்டு உட்கார்ந்து அவர்கள் கொடுத்த எண்களை வைத்துப் படம்தானே வரைந்தார், அவரை விஞ்ஞானி என்று எப்படிச் சொல்வாய் என்று. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கண்காட்சிக்கு வருகிற நடுவர் இதைத்தான் கேட்பார், பதில் தயார் பண்ணிக்கொள் என்றுதான் சொன்னாராம். ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. எங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவன் பேச்சுதான் பேச்சு. கரையில் நிற்கிறவன் கடலைப் பற்றி வாயைத் திறந்தால் "நீ எத்தனை பாகம் போயிருக்க?" (பாகம் என்றால் ஆழக் கணக்கு, ஏறத்தாழ ஆறடி) என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்கள். நானே கரையில் நிற்கிறவன்தான், வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தம்மா உண்மையில் என்ன கண்டுபிடித்தார், உட்கார்ந்த இடத்திலிருந்து அது எப்படி முடிந்தது? கொஞ்சம் புரிகிற மாதிரி சொல்லுங்கள். கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கல்லும்_மண்ணும்:

மகளுக்கு என் வாழ்த்து சொல்லுங்கள் அண்ணா, நல்ல ஆளைப் பிடித்திருக்கிறாள். நான் புவியியல் படித்தவள், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆழம் அளக்கும் கதை. கப்பலின் அடியிலிருந்து ஒரு சத்தம் கீழே போகும், தரையில் பட்டுத் திரும்பி வரும். கடல் தண்ணீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும். போய்வர நான்கு வினாடி ஆனால், ஒரு வழிக்கு இரண்டு வினாடி, அப்போது ஆழம் 3000 மீட்டர். உங்கள் படகுகளில் ஆழம் பார்க்க வைத்திருக்கிற எக்கோ கருவிக்கும் இதே கணக்குதான். கப்பல் போகப் போக இந்த ஆழம் நீளமான காகிதச் சுருளில் பதிந்துகொண்டே வரும்.

ஆனால் கவனியுங்கள், கப்பல் போன கோட்டுக்கு நேர் கீழே மட்டும்தான் ஆழம் தெரியும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் வெள்ளைக் காகிதம். அந்த வெள்ளையில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் தார்ப்பின் வேலை.

அவர் வந்த வழியும் சொல்ல வேண்டியது. அப்பா அமெரிக்க விவசாயத் துறைக்கு மண் வரைபடம் போட்டவர், ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த குடும்பம். தார்ப் முதலில் படித்தது ஆங்கிலமும் இசையும். இரண்டாம் உலகப் போரில் ஆண்பிள்ளைகள் எல்லாம் சண்டைக்குப் போய்விட, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை காலி பெஞ்சை நிரப்பப் பெண்களைக் கூப்பிட்டது. அப்படி உள்ளே நுழைந்து முதுகலை முடித்தார். எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்தது, ஆனால் பெண்களைக் களத்துக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள், ஆபீஸில் கோப்பு எடுத்துக் கொடுக்கிற வேலை. சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கேயே கணிதத்தில் இன்னொரு பட்டம் வாங்கினார். 1948-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்து, பின்னால் லமான்ட் ஆய்வகத்தை நிறுவிய மாரிஸ் யூவிங்கிடம் வேலை கேட்டார். இத்தனை பட்டம் வைத்திருக்கிற பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கேட்டது: வரைபடம் வரையத் தெரியுமா?

ஆய்வுக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பெண் ஏறினால் ராசி கெடும் என்கிற பேச்சு அமெரிக்க மாலுமிகளிடமும் இருந்தது, நம்மூரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். புரூஸ் ஹீசன் என்பவர் கடலுக்குப் போய் அளவுகள் கொண்டுவருவார், தார்ப் கரையில் இருந்து அவற்றைக் கோர்ப்பார். அவர் கப்பல் ஏறியது அறுபதுகளில்தான், அதற்குள் பெரிய வேலை பாதி முடிந்திருந்தது.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். 1952. அட்லாண்டிஸ் என்ற கப்பல் 1946 முதல் கொண்டுவந்திருந்த அளவுகளை எல்லாம் சுருளிலிருந்து ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, வட அட்லாண்டிக்கைக் குறுக்கே வெட்டின மாதிரி ஆறு வெட்டுமுகங்கள் வரைந்தார். அமெரிக்கப் பக்கத்திலிருந்து ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கம் வரை, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஆறு. நடுக்கடலில் ஒரு மலைத்தொடர் இருப்பது முன்பே தெரியும், அதில் அதிசயம் இல்லை. தார்ப் கண்ணில் பட்டது வேறு. மலைகளின் உருவம் ஆறிலும் ஆறு விதமாக இருந்தது, ஒரு சிகரம்கூட அடுத்த படத்தின் சிகரத்தோடு சேரவில்லை. ஆனால் மலையின் உச்சி நடுவில் ஒரு பிளவு, கத்தியால் கீறின மாதிரி ஒரு பள்ளம், அது மட்டும் ஆறு படத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்தது.

மலை உச்சியில் பள்ளத்தாக்கு என்றால் அங்கே தரை இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தரை பிரிகிறது என்றால் கண்டங்கள் நகர்கின்றன. அன்றைக்கு அமெரிக்காவில் கண்டம் நகர்கிறது என்று சொல்கிற புவியியல்காரனுக்கு மரியாதை கிடையாது. ஹீசன் படத்தைப் பார்த்துவிட்டு இதெல்லாம் "பெண்பிள்ளைப் பேச்சு" என்று தள்ளிவிட்டார். இதை தார்ப்பே பின்னால் எழுதியிருக்கிறார்.

தார்ப் விடவில்லை, தொடர்ந்து வரைந்தார். பக்கத்து மேஜையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்று காது கேளாத ஓவியப் பட்டதாரி ஒருவர், கடலில் வந்த நிலநடுக்கங்களின் மையங்களை வேறொரு காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அது கடலடித் தந்திக் கம்பிகள் ஏன் அறுகின்றன என்று பார்க்கிற தனி வேலை. இரண்டும் ஒரே அளவுகோல். ஒரு படத்தை இன்னொன்றின்மேல் வைத்து அடியில் விளக்குப் போட்டுப் பார்த்தால், நிலநடுக்கப் புள்ளிகள் சாரை சாரையாக அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுகின்றன.

அங்கிருந்து விஷயம் தலைகீழானது. இந்தியப் பெருங்கடல், தென்கடல் என்று ஆழ அளவே சரியாக இல்லாத கடல்களில்கூட நிலநடுக்கப் புள்ளி வரிசையைப் பிடித்துக்கொண்டு போய் இங்கேயும் பிளவு இருக்கும் என்று சொல்ல முடிந்தது. ஆப்பிரிக்காவில் கென்யா பக்கம் தரையிலேயே ஓடுகிற பெரும் பிளவுப் பள்ளத்தாக்கும் இதே குடும்பம் என்று தெரிந்தது. இப்படி உலகம் முழுக்க ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மலைத்தொடர் கடலுக்கடியில் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அரபிக்கடலில் இருக்கிற கார்ல்ஸ்பெர்க் தொடர் அதன் ஒரு துண்டு.

சுருளில் இருந்த எண்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொது. ஆறு படத்தையும் அடுக்கி வைத்து, எது ஒத்துப்போகிறது எது போகவில்லை என்று பார்த்தது ஒரே ஒருவர். நடுவரிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

கபாடபுரத்தான்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தியப் பெருங்கடலையும் அவர் வரைந்ததாகச் சொல்கிறீர்கள். அதில் குமரிக்கண்டம் தெரிகிறதா? மறைத்துவிட்டார்களா?

கல்லும்_மண்ணும்:

வருவீர்கள் என்று தெரியும் சார் :)

தார்ப், ஹீசன் இருவரின் அளவுகளை வைத்து ஹைன்ரிக் பெரான் என்ற ஆஸ்திரிய ஓவியர் தீட்டிய இந்தியப் பெருங்கடல் படம் 1967-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழோடு வந்தது. அதில் கன்னியாகுமரிக்குத் தெற்கே மூழ்கிய கண்டம் எதுவும் கிடையாது. மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசுகிற லெமூரியா என்பது 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி விலங்குகளின் அடையாளங்கள் இருக்கின்றனவே, நடுவில் தரை இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். கண்டங்களே நகர்ந்து வந்தன என்று தெரிந்ததும் நடுவில் பாலம் போடும் தேவை போய்விட்டது. அந்தத் தெரிதலுக்கு வழிவிட்டதில் தார்ப்பின் பள்ளத்துக்கும் பங்கு உண்டு, வேடிக்கைதான்.

கடல்கோள் பற்றிய நம் இலக்கிய நினைவு வேறு விஷயம். பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது, மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் நிறையத் தரை வெளியே இருந்தது. கரையோரம் கடல் கொண்டது நிஜம், கண்டம் மூழ்கியது கதை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம். பாப்பாவின் கண்காட்சி முக்கியம்.

தண்டையார்பேட்டை_டிராஃப்ட்ஸ்மேன்:

நான் முப்பத்தொரு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை, துறைமுகத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "படம்தானே வரைந்தார்" என்ற வரியைப் படித்ததும் இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை.

தம்பி, நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். சர்வே பார்ட்டி வெளியே போய் லெவல், அதாவது தரையின் உயரம், எடுத்துவரும். ஒரு புத்தகம் நிறைய எண்கள். அதை டிரேசிங் ஷீட்டில் புள்ளிபுள்ளியாக ஏற்ற வேண்டும். இந்தப் புள்ளியில் 4.20, அந்தப் புள்ளியில் 5.10, நடுவில் ஐந்து மீட்டர் உயரத்தைக் காட்டுகிற கோடு எங்கே போகும்? புத்தகத்தில் அது எழுதியிருக்காது. அந்தக் கோட்டை வளைக்கிறவன் மனதில் அங்கே ஓடையா மேடா என்று ஒரு தீர்மானம் இருக்க வேண்டும். இல்லாதவன் வரைந்தால் கோடு இடியாப்பம் மாதிரி இருக்கும், பார்த்தாலே தெரியும். ஒருமுறை ஒரு புள்ளி மட்டும் சுற்றியிருக்கிற எதோடும் சேராமல் முண்டிக்கொண்டு நின்றது. நான் இந்த லெவல் தப்பு, மறுபடி எடுங்கள் என்றேன். களத்துக்குப் போனவருக்குக் கோபம், வெயிலில் நின்றவன் நானா நீயா என்றார். மறுபடி போய்ப் பார்த்தார்கள், ஸ்டாஃப் என்கிற அளவுக்கம்பில் ஒரு மீட்டர் தப்பாகப் படித்திருந்தார்கள். நான் அந்த இடத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

கையால் வரைவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரோட்ரிங் பேனா, மை காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் முழங்கைக்குக் கீழே ஒரு காகிதம் போட்டுக்கொள்வோம், வியர்வை பட்டால் ஷீட் சுருங்கிவிடும். தப்புப் போட்டால் பாதி பிளேடை எடுத்து மையை மட்டும் லேசாகச் சுரண்ட வேண்டும், காகிதம் கிழியக்கூடாது. சுரண்டிய இடத்தை நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் அடுத்த மை பரவாமல் நிற்கும். அந்த வேகத்தில் ஒரு கோட்டோடு அரை நாள் கழிக்கிறவனுக்கு அந்தக் கோடு மனதில் ஏறிவிடும். ஆறு வெட்டுமுகத்தையும் அந்தம்மா தன் கையால் புள்ளி வைத்ததால்தான் பள்ளம் கண்ணில் பட்டது என்று நான் நினைக்கிறேன். யாரோ போட்டுக்கொடுத்து மேலோட்டமாகப் புரட்டியிருந்தால் கருவிக் கோளாறு என்று தாண்டிப் போயிருப்பார்.

இன்னொன்று, அவருடைய படம் ஏன் அந்த மாதிரி இருக்கிறது என்பது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், கடல் தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டு விமானத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரி, மலை மலையாக நிழல் போட்டு. அது அழகுக்கு ஆசைப்பட்டுத் தொடங்கியது இல்லை. பனிப்போர் காலம், நீர்மூழ்கிக் கப்பல் போகிற வழி எதிரிக்குத் தெரியக்கூடாது என்று அமெரிக்கக் கடற்படை ஆழ எண்களையும் சமஆழக் கோடுகளையும் ரகசியமாக்கிவிட்டது. எண் போட்டு வெளியிட முடியாது. சரி, எண் இல்லாமல் உருவத்தை மட்டும் காட்டுவோம் என்று, கொலம்பியாவில் லோபெக் என்ற புவியியலாளர் நிலத்துக்கு வரைந்துகொண்டிருந்த முறையைக் கடலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் வசதி என்னவென்றால் படம் பார்க்கிற சாதாரண ஆளுக்கும் புரிந்துவிட்டது. வட அட்லாண்டிக் படம் 1957-ல் வந்தது. அளவே இல்லாத காலி இடம் ஒன்று இருந்ததாம், பழைய வரைபடங்களில் மாதிரி அங்கே கடல்கன்னியும் மூழ்கிய கப்பலும் போடலாம் என்று அந்தம்மாவுக்கு ஆசை, ஹீசன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் குறிவிளக்கப் பெட்டியைப் பெரிதாகப் போட்டு அதை மூடினார்கள். சிரித்துவிட்டேன், நாங்களும் செய்திருக்கிறோம் அந்த வேலையை. சர்வே வராத மூலையில்தான் எப்போதும் வடக்கு அம்புக்குறி நிற்கும்.

பெயர் விஷயம். எங்கள் ஷீட்டில் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம், எஞ்சினியர் பெயர் பெரிதாக, "வரைந்தவர்" என்று எங்கள் இனிஷியல் மட்டும் சின்னதாக. 1956-ல் பிளவு உலகம் முழுக்க ஓடுகிறது என்று முதலில் அறிவித்தபோது யூவிங், ஹீசன் இருவர் பெயர்தான். 1959-ல் வந்த புத்தகத்தில் அந்தம்மா பெயர் சேர்ந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். எனக்கு அதுவும் வரவில்லை, போகட்டும்.

போட்_டிரைவர்_61நாள்:

மீன்பிடித் தடைக்காலம், அதனால் போனோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். பெயரைப் பார்த்தாலே தெரியும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வேறு வேலை இல்லை. ஐஸ்கடைக்காரரே, நீங்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, போன மாதம் உடைத்துக் கொடுத்த ஐஸில் பாதி தண்ணீர்.

கடலுக்குப் போகிறவன் பேச்சுதான் பேச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பதினெட்டு வருடமாகப் போகிறேன். என் எக்கோவில் எனக்குத் தெரிவது என் போட்டுக்குக் கீழே இருக்கிறது மட்டும்தான். நாற்பது பாகத்தில் போய்க்கொண்டிருந்தால் கோடு பட்டையாக, சிவப்பாக, அடியில் இன்னொரு கோடு எதிரொலித்தால் கீழே இருப்பது கெட்டியான பாறைத் தரை, நாங்கள் 'பார்' என்போம். கோடு மெலிசாகப் பரவலாக இருந்தால் சேறு. நூறு அடி தள்ளி என்ன இருக்கிறது? தெரியாது. மடி வலை போட்டு இழுக்கும்போது பாரில் மாட்டினால்தான் தெரியும், அதற்குள் வலை போய்விடும். அப்படி மாட்டின இடத்தை ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட் போட்டு வைத்துக்கொள்வோம்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் எங்கப்பா ஈயக்குண்டு கட்டின கயிற்றை விட்டுப் பார்ப்பார், குண்டின் அடியில் ஒட்டி வருகிற மண்ணை விரலில் தேய்த்து இடம் சொல்வார். கரையில் இரண்டு அடையாளம், ஒன்றின்மேல் ஒன்று வந்தால் இந்த நேர்க்கோடு என்று மனதில் வைத்துக்கொள்வார். வலை கிழிந்து வந்தால் திட்டிக்கொண்டே எங்கே கிழிந்தது என்று சொல்வார். எங்க அக்கா, அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ, அதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவாள். வலை செலவுக் கணக்குக்காகத்தான். ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டு, அப்பா, கிழிகிற இடம் எல்லாம் ஒரே கோட்டில் வடக்கே போகிறது, நடுவில் நீங்கள் போகாத இடத்திலும் பார் இருக்கும் என்றாள். அப்பா சிரித்தார். சித்தப்பா ரொம்பச் சிரித்தார், கடலைப் பார்த்தாயா நீ என்று. அப்புறம் எக்கோ வாங்கின பிறகு நான் அந்தக் கோட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். பாதி இடத்தில் பார் இருந்தது. மீதி பாதி சேறு. பாதிக்குப் பாதி சரி, கடல் ஏறாதவளுக்கு அது பெரிய விஷயம்தான். அக்கா இப்போது திருவொற்றியூரில் இருக்கிறாள், நோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம் எனக்கு. நம்ம பக்கம் இருபது, இருபத்தைந்து மைல் தாண்டினால் பாகம் சட்டென்று இறங்கிவிடுகிறது, எக்கோவே பிடிக்காது. அதற்கு அப்பால் இந்த மலை, பிளவு எல்லாம் நம் வங்கக்கடலில் இருக்கிறதா?

கல்லும்_மண்ணும்:

அண்ணா, நீங்கள் சொல்கிற இறக்கம் கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின், விளிம்பு. அதைத் தாண்டினால் 3000 மீட்டருக்கு மேல் போய்விடும். கீழே போனால் பெரும்பாலும் மேஜை மாதிரி தட்டையான தரைதான், ஏனென்றால் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டுகிற வண்டல் வங்கக்கடல் முழுக்கப் பரவி, இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. உலகத்திலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான், சில இடங்களில் கனம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல்.

மலை இருக்கிறது, ஆனால் பிளவு இல்லை. கிழக்கு 90 பாகை தீர்க்கரேகையை ஒட்டி, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 5000 கிலோமீட்டர் ஒரு தொடர் ஓடுகிறது. தெற்கே தலை நீட்டிக்கொண்டு நிற்கும், நம் அகலாங்குக்கு வரும்போது வண்டலுக்குள் புதைந்துவிடும். நம்ம துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போகிற கப்பல் அதன் தலைக்கு மேலேதான் போகிறது, ஏறி உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது.

சால்ட்குவார்ட்டர்ஸ்_சேகர்:

எல்லோரும் ஹீசனை வில்லன் ஆக்கிவிட்டீர்கள், எனக்கு அது ஒப்பவில்லை. பெண்பிள்ளைப் பேச்சு என்று சொன்னவர்தான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு வருடத்துக்குள் ஒத்துக்கொண்டார், பிறகு சாகும்வரை தார்ப்போடு சேர்ந்தே வேலை செய்தார். யூவிங்குக்கும் ஹீசனுக்கும் சண்டை வந்து, தார்ப்பை ஆய்வகத்தை விட்டு வெளியே தள்ளியபோது அவர் நயாக் என்ற ஊரில் தன் வீட்டிலேயே மேஜை போட்டு வரைந்தார், அளவுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஹீசன்தான். பூமி உப்பிக்கொண்டே போகிறது, அதனால்தான் பிளக்கிறது என்று ஹீசன் சொன்ன விளக்கம் தப்பாகப் போனது. அது வேறு. படம் சரியாக இருந்தது, விளக்கம்தான் தப்பு.

இதைவிட எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக்காரர் கூஸ்தோவின் கதை. கடலடி சினிமா எடுப்பாரே, அவர்தான். மலை உச்சியில் பள்ளமா, நம்ப மாட்டேன் என்று, கேமராவை ஒரு சறுக்குவண்டியில் கட்டிக் கடலடியில் இழுத்துக்கொண்டு போனார். இல்லை என்று காட்டத்தான் போனார். பள்ளத்தாக்கின் சுவர் படத்தில் வந்து நிற்கிறது. 1959-ல் நியூயார்க்கில் நடந்த கடலியல் மாநாட்டில் அந்தப் படத்தைத் தானே போட்டுக் காட்டினார். தப்பை ஒத்துக்கொள்வதில் இவ்வளவு பேருக்கு எதிரில் படம் போட்டுக் காட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை, எங்கள் தெரு சங்கத்தில் நிச்சயமாக இல்லை.

ஹீசன் 1977-ல் ஐஸ்லாந்து பக்கம் கடலடித் தொடரைப் பார்க்க நீர்மூழ்கியில் இருந்தபோது மாரடைப்பில் இறந்தார். இருவரும் சேர்ந்து செய்த உலகக் கடலடி முழுப்படம், பெரான் தீட்டியது, அந்த ஆண்டுதான் முடிந்தது. தார்ப்புக்குப் பெரிய அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது, 1997-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நான்கு வரைபடக் கலைஞர்களில் ஒருவர் என்று சொன்னது. பாப்பா இந்த வருடத்தைக் குறித்துக்கொள்ளட்டும், நடுவர்களுக்கு விருது சொன்னால்தான் காது திறக்கும்.

ஐஸ்கடை_காசிமேடு:

கண்காட்சி நேற்று முடிந்தது. எல்லோருக்கும் நன்றி, டிராஃப்ட்ஸ்மேன் ஐயாவுக்குத் தனியாக.

என்ன செய்தாள் என்றால், மிண்ட்டில் போய் டிரேசிங் பேப்பர் வாங்கி வந்தோம். ஒன்றில் ஆறு வெட்டுமுகம், இன்னொன்றில் அட்லாண்டிக் கரைகளும் நடுவில் பள்ளமும், மூன்றாவதில் சிவப்புப் புள்ளியாக நிலநடுக்கம். வீட்டு ஷோகேஸ் கண்ணாடியைக் கழற்றி இரண்டு நாற்காலிக்கு நடுவில் வைத்து அடியில் எமர்ஜென்சி விளக்கு. வருகிறவர்களையே காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்று வைக்கச் சொன்னாள். முதலில் கோணலாக வைப்பார்கள், நகர்த்தி நகர்த்தி ஓர் இடத்தில் புள்ளி எல்லாம் பள்ளத்தில் போய் உட்காரும், அப்போது ஓ என்பார்கள். ஆசிரியையும் வைத்துப் பார்த்தார். இப்போது சொல், வரைந்தவரா, கண்டுபிடித்தவரா என்று கேட்டார். இவள், மிஸ், நீங்கள் இப்போது இரண்டையும் ஒன்றாகத்தானே செய்தீர்கள் என்றாளாம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

முதல் பரிசு சோடா மாவில் பொங்கின எரிமலைக்கு. அது கிடக்கட்டும்.

இப்போது புதுத் தலைவலி. காசிமேட்டுக் கடலை வரைய வேண்டும் என்கிறாள். போட் டிரைவர் அண்ணா, உங்கள் ஜிபிஎஸ்ஸில் இருக்கிற பாயிண்டுகளும் பாகமும் கொஞ்சம் எழுதித் தர முடியுமா? அந்த அக்கா நோட்டு கிடைத்தால் அதுவும்.

போட்_டிரைவர்_61நாள்:

பாயிண்ட் மட்டும் கேட்காதீர்கள். என் பார் எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் தடைக்காலம் முடிந்த அன்றே முப்பது போட் அங்கே நிற்கும், சொந்த மச்சானுக்கே நான் சொன்னதில்லை.

வேண்டுமானால் பாப்பாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கே மேடு எங்கே சேறு என்று வாயால் சொல்கிறேன், வரைந்துகொள்ளட்டும். எண் போடக்கூடாது. நோட்டுக்கு அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஐஸ் மட்டும் இந்தமுறை ஐஸாக இருக்கட்டும்.